நாலு மதிலுக்குள் ஒரு தோட்டம்: எதைத் தொட்டால் அனுமதி வேண்டும்?

"தம்பி, இது என்ர வளவு, என்ர மதில். ஒரு கேற் வைக்கிறதுக்கு நான் ஆரைக் கேக்கோணும்?"

கேட்டவர் எனக்கு அண்ணன் மாதிரி. யாழ்ப்பாணத்துக்காரர், இங்கிலாந்துக்கு வந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. லண்டன் நெரிசல் போதும் என்று தெற்கே ஒரு கிராமத்தில் பழைய வீடு ஒன்றை வாங்கினார். வீடு சின்னதுதான், அந்தக் காலத்தில் பக்கத்துப் பங்களாவின் தலைமைத் தோட்டக்காரர் குடியிருந்தது. ஆனால் வீட்டோடு சேர்ந்து ஒன்றேகால் ஏக்கர் தோட்டமும் வந்தது, நான்கு பக்கமும் பன்னிரண்டு அடிச் செங்கல் மதிலோடு. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் வெளிச் சத்தமே கேட்காது. முருங்கை வராது என்று அவருக்கும் தெரியும், கத்தரி, மிளகாய், பாகலாவது போடலாம் என்று ஆசை. அதற்கு நல்ல மண் வேண்டும், மண் வர லாரி உள்ளே வர வேண்டும், மதிலில் இருந்த ஒரே கதவோ தள்ளுவண்டி போகும் அகலம். ஆகவே மூன்று மீட்டர் இடித்து ஒரு கேட். கணக்கு அவ்வளவுதான்.

நான் கட்டட வரைபடம் போடும் வேலையில் இருப்பவன், கவுன்சிலுக்கு விண்ணப்பம் எழுதியே பாதி நாள் போகிறது, அதனால் என்னைக் கேட்டார். "கடப்பாரையைக் கீழே வையுங்கள் அண்ணா, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்" என்றேன். அன்றைக்கு அவருக்குச் சொன்னதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். எல்லாம் இங்கிலாந்துச் சட்டம். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் வேறு வேறு சட்டம், அடிப்படை ஒன்றுபோல இருந்தாலும் விவரம் மாறும்.

மதில் எதற்கு?

சட்டத்துக்குப் போகும் முன் மதிலைப் பார்த்துவிடலாம். அது ஏன் அங்கே நிற்கிறது என்று தெரியாமல் விண்ணப்பம் எழுதினால் முதல் பக்கத்திலேயே மாட்டிக்கொள்வோம்.

நமக்கு மதில் என்றால் திருடன், ஆடு மாடு, எல்லைத் தகராறு. இங்கே 18, 19-ஆம் நூற்றாண்டுப் பெரிய வீடுகளின் காய்கறித் தோட்ட மதிலும் திருடனையும் முயலையும் தடுத்தது உண்மைதான், ஆனால் அதன் பெரிய வேலை காற்றை மறித்துச் சூடு காப்பது. சித்திரை மாதம் இரவு ஒன்பது மணிக்கு மொட்டை மாடித் தரையில் பாயில்லாமல் படுத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கவே தேவையில்லை. பகலில் வெயில் குடித்த செங்கல் இரவில் அதை மெல்ல வெளியே விடும். ஏப்ரலில் திடீரென்று விழும் உறைபனியில் பீச் மரத்துப் பூ கருகாமல் இருக்க அந்தச் சூடு உதவும். அதனால் வெயில் விழும் தெற்குப் பார்த்த சுவரில் பீச், ஆப்ரிகாட், அத்தி என்று சொகுசு மரங்களைப் படர்த்துவார்கள். வடக்குப் பார்த்த சுவருக்கு, நிழலையும் தாங்கும் புளிப்புச் செர்ரி. கல் நிறையக் கிடைக்கும் ஊரில்கூடச் சிலர் உள்பக்கத்துக்கு மட்டும் செங்கல் வைத்தார்கள். சூடு பிடிக்கும் என்பது ஒரு காரணம், கிளையைக் கட்டிவைக்கச் செங்கல் இடுக்கில் ஆணி சுலபமாக இறங்கும் என்பது இன்னொன்று.

இதுவும் போதாது என்று சுவருக்குள்ளேயே நெருப்பு மூட்டியவர்களும் உண்டு. சுவரைக் கூடாகக் கட்டி, உள்ளே புகை வளைந்து வளைந்து போக வழி விட்டு, அடியில் அடுப்பு வைப்பார்கள். வூஸ்டர்ஷயரில் உள்ள குரூம் கோர்ட் தோட்டத்தில் 1806 வாக்கில் கட்டிய அப்படியொரு சூட்டுச் சுவர் இன்றும் நிற்கிறது. ஸ்காட்லாந்தில் டன்மோர் என்ற இடத்தில் மதில் தோட்டத்தின் நடுவாசலுக்கு மேல் ஒரு பிரம்மாண்ட அன்னாசிப் பழத்தைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள், அந்தச் சுவருக்குள்ளும் சூடு ஓடியது, புகைபோக்கிகள் பார்வைக்குப் பூ ஜாடி மாதிரி இருக்கும். பணம் இருந்தால் மனிதன் என்னவெல்லாம் செய்வான் பாருங்கள்.

வெயில் சுவரில் சாய்த்துக் கட்டிய கண்ணாடி வீடு, அதே சுவரின் பின்பக்கம் வெயிலே படாத கொட்டகைகள், அவற்றில் கொதிகலன், காளான் அறை, ஆப்பிள் அடுக்கும் அறை, தோட்டப் பையன்கள் படுக்கும் அறை, தோட்டத்தின் நடுவில் தண்ணீர் மொள்ளும் தொட்டி, சிலுவை மாதிரி நான்காகப் பிரிக்கும் நடைபாதை. எந்த ஊர்த் தோட்டத்தை எடுத்தாலும் கிட்டத்தட்ட இதே அமைப்புதான். முதல் உலகப் போரோடு இந்த உலகம் கவிழ ஆரம்பித்தது. கார்ன்வாலில் ஹெலிகன் தோட்டத்தைப் பலரும் சுற்றுலாவில் பார்த்திருப்பார்கள். அங்கே தோட்ட வேலைக்காரர்கள் கக்கூஸ் சுவரில் பென்சிலால் தங்கள் பெயரை எழுதி 1914 ஆகஸ்ட் என்று தேதி போட்டிருக்கிறார்கள். அவர்களில் பலர் போரிலிருந்து திரும்பவில்லை. அந்தத் தோட்டத்தை 1990-க்குப் பிறகுதான் மீட்டெடுத்தார்கள். மற்ற ஊர்களில் ஆளும் இல்லை, கூலி கொடுக்கக் காசும் இல்லை, மதிலுக்குள் கிறிஸ்துமஸ் மரம் நட்டார்கள், நீச்சல் குளம் வெட்டினார்கள், வீடு கட்டி விற்றார்கள்.

இவ்வளவையும் சொல்லக் காரணம் இருக்கிறது. மதிலில் ஓட்டை போட்டால் கவுன்சில் அதிகாரி "வேலியில் ஒரு கேட்" என்று அதைப் பார்க்க மாட்டார். ஒரு பழைய சாதனத்தின் பாகத்தைக் கழற்றுவதாகப் பார்ப்பார். அண்ணாவுக்கு இதைப் புரியவைக்க ஒரு டீ குடிக்கும் நேரம் ஆனது.

ஒரே கவுன்சில், இரண்டு அனுமதி

குழப்பமெல்லாம் இங்கேதான். "பிளானிங் வாங்கிவிட்டேன்" என்று நிம்மதியாக இருப்பவர்களில் பாதிப் பேர் இன்னொன்றை வாங்கியிருக்க மாட்டார்கள்.

முதலாவது பிளானிங் பெர்மிஷன். 1990-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டச் சட்டத்தின் கீழ் வருவது. புதிதாக ஏதாவது கட்டினாலோ நிலத்தின் பயன்பாட்டைக் கணிசமாக மாற்றினாலோ இது வேண்டும். சாதாரண வீட்டுக்காரருக்குச் சின்னச் சின்ன வேலைகளில் விலக்கு உண்டு, தோட்டத்துக் கொட்டகை, இரண்டு மீட்டர் வரை வேலி, ரோட்டை ஒட்டி என்றால் ஒரு மீட்டர், இப்படி. நம்மில் பெரும்பாலோருக்குப் பழக்கமான உலகம் இதுதான், வீட்டின் பின்னால் கூடுதல் அறை எடுத்தவர்கள் எல்லோரும் பார்த்தது.

இரண்டாவது, லிஸ்டட் பில்டிங் கன்சென்ட். அதே 1990-இல் வந்த தனிச் சட்டம். அரசு ஒரு கட்டடத்தைப் பாதுகாக்க வேண்டியது என்று பட்டியலில் சேர்த்துவிட்டால் அதை இடிக்க, நீட்டிக்க, அதன் தன்மை மாறும்படி எதையாவது செய்ய இந்த ஒப்புதல் வேண்டும். பட்டியலில் மூன்று தரம்: கிரேடு 1, கிரேடு 2 நட்சத்திரம், கிரேடு 2. பத்தில் ஒன்பதுக்கு மேல் கிரேடு 2 தான், அதனால் "வெறும் கிரேடு 2 தானே" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள், சட்டம் மூன்றுக்கும் ஒன்றேதான்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தப்பு செய்தால்தான் உறைக்கும். பிளானிங் இல்லாமல் கொட்டகை கட்டினால் அதுவே குற்றமில்லை, கவுன்சில் நோட்டீஸ் கொடுத்து, அதையும் மதிக்காவிட்டால்தான் குற்றம். பத்து வருடம் யாரும் கேட்காவிட்டால் பொதுவாகத் தப்பித்துவிடலாம். லிஸ்டட் ஒப்புதல் அப்படியில்லை. ஒப்புதல் இல்லாமல் கை வைத்த அன்றைக்கே குற்றம். மேல்வரம்பு இல்லாத அபராதம், இரண்டு வருடம் வரை சிறை. "எனக்குத் தெரியாது" என்பது செல்லாது. "சரி செய்" என்று கவுன்சில் நோட்டீஸ் கொடுப்பதற்குக் காலவரம்பும் இல்லை. முந்தின வீட்டுக்காரர் முப்பது வருடத்துக்கு முன் செய்த கோளாறாக இருந்தாலும் நோட்டீஸ் இப்போதைய சொந்தக்காரருக்குத்தான் வரும். வீடு வாங்கும்போது வக்கீல் இதைக் கேட்கவில்லை என்றால் நீங்கள் கேளுங்கள்.

ஒரு ஆறுதல், லிஸ்டட் ஒப்புதல் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. பிளானிங்குக்கு உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போடலாம், பெரும்பாலும் அதுவே நல்லது, ஆனால் முடிவு தனித்தனியாக வரும், ஒன்று கிடைத்து மற்றது கிடைக்காமலும் போகும்.

வளவு என்ற சொல்

"சரி தம்பி, ஆனா என்ர மதில் லிஸ்ரில இல்லையே, நான் பார்த்திட்டன்" என்றார் அண்ணா. பார்த்திருக்கிறார். ஹிஸ்டாரிக் இங்கிலாந்து என்ற அரசு அமைப்பின் தளத்தில் பட்டியல் முழுவதும் இலவசமாகத் தேடலாம். பங்களா மட்டும் கிரேடு 2 என்று 1950-களில் ஏறியிருக்கிறது, அதற்கு நாலு வரி விவரணை, மதிலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, தோட்டக்காரர் வீட்டைப் பற்றியும் இல்லை.

ஆனால் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. லிஸ்டட் கட்டடத்தின் வளவுக்குள், 1948 ஜூலை 1-க்கு முன்பிருந்தே நிலத்தோடு சேர்ந்து நிற்கும் எந்தக் கட்டுமானமும் அந்தக் கட்டடத்தின் பகுதியாகவே கணக்கு. இந்த இடத்தில் வரும் 'கர்ட்டிலேஜ்' என்ற ஆங்கிலச் சட்டச் சொல்லுக்கு ஈடாக நான் தேடிக்கொண்டிருந்த தமிழ்ச் சொல்லை அண்ணா முதல் வாக்கியத்திலேயே கொடுத்துவிட்டார். வீடும் அதைச் சுற்றி வேலிக்குள் அடங்கிய கிணறு, கொட்டில், மரம் எல்லாமும் சேர்ந்ததை யாழ்ப்பாணத்தில் வளவு என்பார்கள். இங்கிலாந்து நீதிமன்றங்கள் பக்கம் பக்கமாக எழுதி விளக்கப் பார்த்தது கிட்டத்தட்ட இதைத்தான்.

எது வளவுக்குள் வரும்? 1982-இல் யார்க்ஷயரின் கால்டர்டேல் பகுதியில் ஒரு வழக்கு. ஒரு லிஸ்டட் ஆலை, அதோடு பாலம் வழியாக ஒட்டியிருந்த தொழிலாளர் வீட்டு வரிசை. அந்த வீடுகளும் ஆலையின் வளவா என்பது கேள்வி, ஆம் என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். அதற்குப் பார்த்த மூன்று விஷயங்களைத்தான் இன்றுவரை எல்லோரும் பார்க்கிறார்கள்: இடத்தின் அமைப்பு, அன்றும் இன்றும் யாருக்குச் சொந்தம், அன்றும் இன்றும் எதற்குப் பயன்பட்டது. இதையெல்லாம் முக்கியமாகக் கட்டடம் பட்டியலில் ஏறிய காலத்தை வைத்துப் பார்ப்பார்கள்.

அண்ணாவின் மதிலுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். 1950-களில் பங்களா, தோட்டம், தோட்டக்காரர் வீடு எல்லாம் ஒரே குடும்பத்துக்குச் சொந்தம். தோட்டத்துக் காய்கறி பங்களாச் சமையலறைக்குப் போனது. இரண்டுக்கும் நடுவே நேர்ப் பாதை. 1980-களில் பிரித்து விற்றார்கள், ஆனால் பட்டியலில் ஏறிய பிறகு விற்றதால் பாதுகாப்பு அறுந்துபோகாது. ஆக, பட்டியலில் பெயர் இல்லாமலேயே அவருடைய மதில் லிஸ்டட். இந்த இடத்தில் அண்ணா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

எல்லா மதில் தோட்டத்துக்கும் இது பொருந்திவிடாது. சில தோட்டங்கள் பங்களாவிலிருந்து வெகு தூரத்தில் இருக்கும், எரு நாற்றம் விருந்தாளிகள் மூக்குக்குப் போகக்கூடாது என்று தள்ளி வைத்தது. அப்படியானால் அது வளவா என்பது வாதத்துக்கு உரியது. சில மதில்களுக்கு நேரடியாகத் தனிப் பதிவே இருக்கும். 2013-க்குப் பிறகு எழுதிய அல்லது திருத்திய பதிவுகளில் "இன்னின்ன கட்டுமானம் இதில் சேராது" என்று வெளிப்படையாக எழுத வழி வந்திருக்கிறது, அதையும் பாருங்கள். சந்தேகம் என்றால் கவுன்சிலை எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்னார் என்பதற்கு ஒரு மதிப்பும் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு, நானே முதல்முறை தடுக்கி விழுந்த இடம். மதில் பங்களாவின் வளவைச் சேர்ந்தது என்று லிஸ்டட் சட்டம் சொல்லும் அதே தோட்டம், அண்ணாவின் சின்ன வீட்டுக்கு வளவா என்று பிளானிங் சட்டத்தில் கேட்டால் பதில் "இல்லை" என்று வரலாம். வரலாற்றில் அது காய்கறி விளைந்த நிலம், அந்த வீட்டின் முற்றம் இல்லை. அப்படி முடிவானால் ஊஞ்சல், பார்பிக்யூ, கார் நிறுத்துமிடம் என்று வீட்டுத் தோட்டமாக மாற்றுவதற்கே பயன்பாட்டு மாற்ற அனுமதி கேட்க வேண்டியிருக்கும். காய்கறி போட்டால்? அது எப்போதும் நடந்ததுதானே, அதற்கு ஒன்றும் வேண்டாம். பாகற்காய் தப்பித்தது.

தோட்டத்தில் கிடக்கும் பழைய ஜாடி, சூரியக் கடிகாரம், சிலை விஷயத்திலும் கவனம். வார்விக்ஷயரில் தோட்டத்துக் கல் பீடங்களின் மேல் இருந்த இரண்டு ஈய ஜாடிகளை ஒருவர் விற்றுவிட்டார், அவை பட்டியலில் இருப்பது அவருக்குத் தெரியாது, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய் 2020-இல் தீர்ப்பு வந்தது. பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் ஒரு பொருள் கட்டடம் ஆகிவிடாது, அது உண்மையில் கட்டடம்தானா என்று கேட்க உரிமை உண்டு என்றது நீதிமன்றம். நல்ல தீர்ப்புதான், ஆனால் அது வர எத்தனை வருடம்! விற்கும் முன் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுவது மலிவு.

வேறு இரண்டு வளையங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வரலாற்றுப் பூங்கா, தோட்டங்களுக்கு என்று 1983-இல் வந்த சட்டப்படி தனிப் பதிவேடு இருக்கிறது, சுமார் 1,700 இடங்கள். அதில் உங்கள் தோட்டம் இருந்தால் அதற்காகத் தனி அனுமதி எதுவும் இல்லை, ஆனால் பிளானிங் முடிவில் அதற்குக் கனம் உண்டு. இரண்டாவது பாதுகாப்புப் பகுதி, அதாவது ஊரின் ஒரு பகுதியையே மொத்தமாகப் பாதுகாப்பது. அதற்குள் லிஸ்டட் இல்லாத மதிலாக இருந்தாலும் ஓரளவு உயரத்துக்கு மேல் இருந்தால் இடிக்க பிளானிங் வேண்டும். அங்கே மரம் வெட்டவும் ஆறு வாரம் முன்னதாகக் கவுன்சிலுக்குத் தெரிவிக்க வேண்டும், ஒன்றரை மீட்டர் உயரத்தில் தண்டின் விட்டம் 75 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால்.

அண்ணாவின் பட்டியல்

அவர் ஆசைப்பட்டவை: கேட், கண்ணாடி வீடு, வயிறு தள்ளி நிற்கும் மதிலைச் சரிசெய்வது, பேரப்பிள்ளைகளுக்கு நீச்சல் குளம்.

குளத்தை முதலில் பேசி முடித்தோம். சாதாரண வீட்டின் பின்னால் குளம் வெட்டப் பெரும்பாலும் பிளானிங் தேவையில்லை, அந்த விலக்கு லிஸ்டட் கட்டடத்தின் வளவுக்குள் செல்லாது. கொட்டகைக்கும் அதே கதை. விண்ணப்பம் போட்டாலும் தோட்டத்தின் நடுவில் வெட்டினால் பழைய நடைபாதையின் அடித்தளம், தண்ணீர்த் தொட்டி எல்லாம் போய்விடும், அதிகாரி ஒப்ப மாட்டார். மதிலுக்குள் இருக்கும் வெற்றிடமும் பாதுகாக்க வேண்டிய ஒன்று என்பதைப் பலர் ஏற்க மறுக்கிறார்கள், "சும்மா கிடக்கிற இடம்தானே" என்பார்கள். ஒரு ஓரத்தில், மதிலை ஒட்டிப் பழைய கொட்டகை நின்ற தடத்தில், மதில் உச்சியைத் தாண்டாமல் எதையாவது கேட்டால் கதவு கொஞ்சம் திறக்கும். நட்டநடுவில் கேட்டால் மூடும். அண்ணா குளத்தைக் கைவிட்டார், உள்ளூரில் நல்ல நீச்சல் குளம் இருக்கிறது.

கேட் விஷயத்தில்தான் சுவாரசியம். மாற்றத்தால் மதிலின் முக்கியத்துவத்துக்குச் சேதம் உண்டா, உண்டென்றால் அந்தச் சேதத்துக்குத் தெளிவான காரணம் உண்டா, அதை மிஞ்சும் பொதுநன்மை உண்டா என்று தேசியக் கொள்கைப்படி அதிகாரி எடை போடுவார். "எனக்கு லாரி வர வேண்டும்" என்பது தனிப்பட்ட வசதி, தட்டில் வைத்தால் எடையே காட்டாது. "இடிந்து விழும் மதிலைச் செப்பனிட்டு, தோட்டத்தைத் திரும்பத் தோட்டமாகவே நடத்தப் போகிறேன், அதற்குப் பொருள் உள்ளே போக வழி வேண்டும்" என்பது கனக்கும். இரண்டும் ஒரே உண்மைதான், ஆனால் இரண்டாவதை எழுத மதிலைப் படித்திருக்க வேண்டும்.

மதிலைப் படிக்கப் போனோம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் இங்கிலாந்தின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவைத் துறை) வரைபடங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. 19-ஆம் நூற்றாண்டில் மைலுக்கு 25 அங்குலம் என்ற அளவில் போட்ட வரைபடத்தில் கண்ணாடிக் கூரை இருந்த இடத்தைக் குறுக்குக் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். அண்ணாவின் தோட்டத்தில் தெற்குப் பார்த்த சுவர் முழுக்கக் குறுக்குக் கோடு. நேரில் போய்ப் பார்த்தால் அதே சுவரில் பாதி உயரம்வரை சுண்ணாம்பு வெள்ளை, ஓரத்தில் சாய்வாக ஒரு கோடு ஏறிப்போகிறது, கண்ணாடி வீட்டின் கூரை சாய்ந்திருந்த தடம். விரலால் தடவினால் வரிசை வரிசையாக ஆணித் துளைகள். கிழக்குச் சுவரின் கோடியில் இன்னொன்று. செங்கல் வரிசை ஒன்றோடொன்று பின்னிப் போகாமல் மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோடு, இரண்டரை மீட்டர் தள்ளி அதே மாதிரி இன்னொரு நேர்க்கோடு, நடுவில் செங்கல் கொஞ்சம் வேறு நிறம். வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு வண்டிப்பாதை வந்து முட்டுகிறது. பழைய வண்டி வாசல்! யாரோ எப்போதோ அடைத்திருக்கிறார்கள்.

அண்ணா கேட்டது மூன்று மீட்டர், தெற்கே, வீட்டுக்குப் பக்கத்தில். விண்ணப்பத்தில் நாங்கள் எழுதியது இரண்டரை மீட்டர், கிழக்கே, அடைத்த வாசலைத் திறப்பது. லாரிக்குப் பதில் சின்ன டிப்பர் வண்டி வரும். புது ஓட்டைக்கு ஒப்புதல் வாங்குவதைவிட இது பல மடங்கு சுலபம், ஏனென்றால் அந்த வாசலும் மதிலின் வரலாற்றில் ஒரு பகுதி. லிஸ்டட் ஒப்புதலோடு பிளானிங்கும் போட்டோம், கேட் வேலிக்கான சாதாரண விலக்கும் அங்கே செல்லாது என்பதால். கண்ணாடி வீட்டையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்தோம், பழைய தடத்திலேயே, சுவரில் பழைய கண்ணாடிச் சட்டம் பதிந்திருந்த குழிகளையே பயன்படுத்தி.

இடையில் ஒரு கோளாறு. மதிலைச் சரிசெய்வதற்கு அனுமதி வேண்டுமா என்று அண்ணா கேட்டபோது, "அதே பொருள், அதே முறையில் செப்பனிட்டால் வேண்டாம்" என்றிருந்தேன். அதில் "அதே பொருள்" என்ற பாதி காற்றில் போய்விட்டது. ஒரு கைவினைஞரைக் கூப்பிட்டு, ஒரே வார இறுதியில் ஐந்து மீட்டர் நீளத்துக்குச் செங்கல் இடுக்கெல்லாம் சிமெண்டால் பாயிண்டிங் பூசிவிட்டார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, பட்டை பட்டையாகச் சாம்பல் நிறத்தில்.

நம் ஊர்ப் பழைய கோயில் மதில், செட்டிநாட்டு வீடு பற்றித் தெரிந்தவர்களுக்கு இது புரியும். பழைய செங்கல் மென்மையானது, சுண்ணாம்புச் சாந்து அதைவிட மென்மை. மழை ஈரம் உள்ளே போனால் சாந்து வழியாகவே வெளியேறும், சுவர் மூச்சு விடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. ஈரம் செங்கல் வழியாக வெளியே வரப் பார்க்கும், குளிர்காலத்தில் அங்கேயே உறையும், உறைந்தால் பருக்கும், செங்கலின் முகம் தோல் உரிவது மாதிரி பிளந்து விழும். சிமெண்ட் அப்படியே நிற்கும், செங்கல் கரைந்திருக்கும், தேன்கூடு மாதிரி. ஆகவே அண்ணா செய்தது செப்பனிடுதல் இல்லை, மாற்றம். ஒப்புதல் இல்லாத மாற்றம்.

நல்லவேளை, விண்ணப்பத்துக்காக வந்த கன்சர்வேஷன் ஆபீசர், அதாவது கவுன்சிலில் பழைய கட்டடங்களைப் பார்க்கும் அதிகாரி, மிரட்டவில்லை. நின்று பார்த்தார், பெருமூச்சு விட்டார், "இதைக் கையால் எடுக்க வேண்டும், மெஷின் கூடாது" என்றார். பிறகு எழுத்திலும் வந்தது. வேலை முடிந்த பிறகும் ஒப்புதல் கேட்கலாம், ஆனால் கிடைத்தாலும் ஏற்கெனவே நடந்த குற்றம் அழியாது, அதுவும் சிமெண்டுக்கு யார் கொடுப்பார்கள்.

வௌவாலும் வந்து சேர்ந்தது. பின்பக்கக் கொட்டகையின் ஓட்டுக்கு அடியில் இருக்கலாம் என்று சந்தேகம். இங்கே எல்லா வகை வௌவாலுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு, மாலை நேரத்தில் ஆள் உட்கார்ந்து எண்ணும் ஆய்வு பொதுவாக மே முதல் செப்டம்பர்வரைதான் நடக்கும். நாங்கள் யோசித்தது அக்டோபரில். ஏழு மாதம் போனது. நீங்கள் தொடங்குவதானால் காலண்டரில் முதலில் இதைப் பாருங்கள்.

விண்ணப்பத்தோடு கொடுத்தது வரைபடங்கள், படங்கள், மதிலின் வரலாற்றையும் அதற்கு என்ன ஆகப்போகிறது என்பதையும் சொல்லும் ஒரு அறிக்கை. அந்த அறிக்கை கட்டாயம், ஆனால் நூறு பக்கம் வேண்டாம், இடத்தின் முக்கியத்துவத்துக்குத் தக்கபடி இருந்தால் போதும். எங்களுடையது பதினொரு பக்கம், அதில் நாலு பக்கம் ஆணித் துளை. முன்கூட்டியே ஆலோசனை கேட்கும் வசதி பல கவுன்சில்களில் உண்டு, காசு கேட்பார்கள், இந்த மாதிரி இடத்துக்குக் கொடுக்கலாம். விண்ணப்பத்துக்கு எட்டு வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி, நடப்பில் நீளும், நமக்குப் பன்னிரண்டானது.

கடைசியில் இரண்டும் கிடைத்தன, நிபந்தனைகளோடு. மூன்று வருடத்துக்குள் வேலை தொடங்க வேண்டும். கேட் மரத்தில், பெயிண்ட் நிறம் முன்கூட்டியே காட்ட வேண்டும். சுண்ணாம்புச் சாந்தில் ஒரு சதுர மீட்டர் மாதிரிக்குப் பூசி அதிகாரி பார்த்துச் சரி சொன்ன பிறகே மற்றது. நிபந்தனையைச் சின்ன எழுத்து என்று தள்ளிவிடாதீர்கள், அதை மீறினாலும் ஒப்புதல் இல்லாமல் செய்த மாதிரிதான்.

வாசலைத் திறந்தபோது எடுத்த செங்கற்களைத் தூக்கி எறியாமல் அடுக்கி வைத்து, வயிறு தள்ளிய இடத்தைப் பிரித்துக் கட்டும்போது அதையே வைத்தோம், அளவும் நிறமும் பொருந்தியது. மண் வந்துவிட்டது. கண்ணாடி வீட்டில் பாகல் கொடி ஏறிவிட்டது. சிமெண்ட் எடுக்கும் வேலை மட்டும் பாக்கி. சனிக்கிழமைகளில் அண்ணா உளியும் சின்னச் சுத்தியலுமாக மதிலுக்கு முன்னால் நிற்கிறார், ஒரு நாளைக்கு அரை மீட்டர் நகர்கிறது, நான் போனால் எனக்கும் ஒரு உளி எடுத்து வைத்திருக்கிறார்.